மாகாணசபைக்கு முதல்தடவ கேக்கப்போறீங்களா? திருகோணமலையில எங்கயிருந்து தொடங்கணும்

குடும்பத்தில ஒருத்தரும் அரசியல்ல இல்ல, பின்னால பெரிய காசும் இல்ல, ஆனா மாகாணசபைத் தேர்தல்ல கேக்கணும் என்டு நினைக்கிற ஆக்கள் நம்மட மாவட்டத்தில இப்ப கூடிக்கொண்டு வாறாங்க. டீச்சர்மார், சங்கத் தலைவர்மார், மாதர் சங்கத்தில ஓடித்திரியிற அக்காமார், கம்பஸ் முடிச்ச தம்பி தங்கச்சிமார். இவங்கள்ல கனபேர் நொமினேசன் (வேட்புமனு) கூப்பிட்ட பிறகுதான் ஓடத் தொடங்குறாங்க, அந்த நேரம் கட்சிகள்ட வேட்பாளர் லிஸ்ட் எல்லாம் நிரம்பியிருக்கும். நான் கொஞ்சக்காலம் லிஸ்ட் வேலை, பூத் ஏஜென்ட் வேலை, எண்ணுற இடத்து வேலை என்டு பின்னால நிண்டு செய்த ஆள், அதில தெரிஞ்சத ஒழுங்கா எழுதி வைப்பம் என்டுதான் இது.

முதல்ல இப்ப நிலைமை என்ன என்டு தெளிவா விளங்கிக்கொள்ளுங்க. கிழக்கு மாகாணசபைக்கு கடைசியா தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8. அந்த சபை 2017 செப்டெம்பர் கடைசியோட முடிஞ்சது, அதுக்குப் பிறகு ஆளுநர்தான். ஏன் நடக்கேல்ல என்டா, 2017ல சட்டத்த திருத்தி பாதி ஆசனம் தொகுதி, பாதி விகிதாசாரம் என்டு கலப்பு முறைக்கு மாத்தினாங்க, அதுக்கு எல்லை பிரிச்ச அறிக்கை 2018 ஆகஸ்ட்ல பாராளுமன்றத்துக்கு வந்து ஒரு ஓட்டுக் கூட ஆதரவா விழாம தோத்துப்போச்சு. புது எல்லை இல்லாம புது முறையில நடத்தேலா, சட்டத்த திரும்ப மாத்தாம பழைய முறையிலயும் நடத்தேலா, அந்த முடிச்சிலதான் இவ்வளவு வருசம் போச்சு. அதால நீங்க ரெண்டு முறைக்கும் சேத்துத்தான் ஆயத்தமாகணும். நான் கீழ சொல்ற கணக்கு 1988ம் ஆண்டு 2ம் இலக்க சட்டத்து பழைய விகிதாசார முறைக்கு. கலப்பு முறை வந்தா விருப்பு வாக்குக் கதை, அதாவது லிஸ்ட்டுக்குள்ள எந்த ஆள் வேணும் என்டு சனம் போடுற வாக்கு, மாறும், ஆனா ஊர் ஊரா செய்யிற வேலை அப்பிடியேதான் உதவும்.

கணக்க பாருங்க. கிழக்கு மாகாணசபையில மொத்தம் 37 பேர். அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, நமக்கு 10, மிச்சம் 2 மாகாணத்தில கூட ஓட்டெடுக்கிற கட்சிக்கு போற போனஸ். ஒரு கட்சியோ சுயேச்சைக் குழுவோ ஆசனத்தோட 3 கூட்டி வேட்பாளர் போடணும், அப்ப திருகோணமலையில ஒரு லிஸ்ட்ல 13 பேர். 2012ல நம்மட 10 ஆசனமும் எப்பிடி பிரிஞ்சது தெரியுமா: ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 3, தமிழரசுக் கட்சிக்கு 3, முஸ்லிம் காங்கிரசுக்கு 2, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 1, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. அஞ்சு கட்சி. ஆக நல்லா ஓட்டெடுத்த லிஸ்ட்ல கூட 13 பேர்ல 3 பேர்தான் உள்ள போனாங்க, 10 பேர் வீட்ட போனாங்க. இத நல்லா மனசில எடுங்க, ஏனெண்டா முதல்தடவ கேக்கிற ஆள் எதிர்க்கட்சிய நினைச்சுத்தான் பயப்படுறது, உண்மையில உங்கள முந்தப்போறது உங்கட லிஸ்ட்ல பக்கத்தில நிண்டு போட்டோ எடுத்த ஆள்தான்.

அடுத்தது, மாகாணசபையால என்ன ஏலும் என்ன ஏலாது என்டு படிச்சிட்டு வாங்க. 1987ல வந்த அரசியலமைப்பு 13ம் திருத்தத்தோட ஒன்பதாம் அட்டவணையில மாகாணப் பட்டியல் இருக்கு, தமிழ்லயும் கிடைக்கும், ஒரு பின்னேரம் இருந்து வாசிக்கலாம். மாகாணப் பாடசாலை, மாகாண ஆஸ்பத்திரி, மாகாண வீதி, சின்னக் குளங்கள், கூட்டுறவு, பிரதேச சபைகள மேற்பார்வை செய்யிறது எல்லாம் மாகாணம். குச்சவெளிப் பக்கம் தொல்பொருள் திணைக்களம் எல்லைக் கல்லுப் போடுறது, வன இலாகா வயல அடைக்கிறது, துறைமுக அதிகாரசபைக் காணி, இதெல்லாம் கொழும்பு. காணி அதிகாரம் பட்டியல்ல இருக்கு, ஆனா கைக்கு வரேல்ல, அது 1988ல இருந்து இழுபடுற கதை. மேடையில ஏறி “நான் வந்தா காணிய மீட்டுத் தருவன்” என்டு சொல்லாதீங்க. “ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடம் எங்கட வலயத்தில இது இது, அதுக்கு மாகாணக் கல்வி அமைச்சில இதக் கேப்பன்” என்டு சொல்லுங்க. 2015ல கிழக்கு மாகாணக் கல்வி அமைச்சரா வந்த தண்டாயுதபாணி ஐயா நம்மட திருகோணமலைக்காரர்தான், அப்ப அந்த அமைச்சு எவ்வளவு கிட்டவான விசயம் என்டு யோசிங்க. மாவட்டத்தில அஞ்சு கல்வி வலயம் இருக்கு, திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய். ஒவ்வொண்டிலயும் என்ன குறை என்டு ஒரு கொப்பியில எழுதத் தொடங்குங்க. சபையும் பிரதம செயலாளர் ஒபீசும் நம்மட டவுன்லயே இருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில எழுத்தில கேட்டா கணக்கு எடுக்கலாம், ஒபீஸ் இவ்வளவு கிட்ட இருக்கிறது மற்ற மாவட்டத்து ஆக்களுக்கு இல்லாத வசதி.

இனி லிஸ்ட்டுக்குள்ள போறது. கட்சியா சுயேச்சையா என்டு எல்லாரும் கேப்பாங்க. சுயேச்சை என்டா கட்டுப்பணம் கட்டணும், 13 பேரையும் நீங்களே தேடணும், சின்னம் நொமினேசனுக்குப் பிறகுதான் கைக்கு வரும், அத சனத்துக்கு பழக்க நாலஞ்சு கிழமைதான் இருக்கும். சேருவில, மூதூர், திருகோணமலை மூண்டு தொகுதியிலயும் ஆள் இல்லாட்டி அது லிஸ்ட் இல்ல, கூட்டாளிமாரோட கூட்டம். முதல்தடவ என்டா கட்சி லிஸ்ட் நல்லது என்டுதான் நான் சொல்லுவன். ஆனா கட்சிக்குள்ள போறதெண்டா தலைவர்ட வீட்டு வாசல்ல நிண்டு பிரயோசனம் இல்ல, தொகுதிக் கிளைக் கூட்டத்துக்கு போங்க, கூட்டக் குறிப்பு எழுதிக் குடுங்க, பிரதேச சபை எலெக்சன் வந்தா வட்டாரத்தில வேலை செய்யுங்க. யார் எத்தின ஓட்டு எந்தக் கிராமத்தில எடுத்துத் தருவாங்க என்டுதான் லிஸ்ட் போடுற ஆக்கள் பாப்பாங்க. “எனக்கு சனம் இருக்கு” என்டு வாயால சொல்றது ஒரு பக்கம், ஆலங்கேணியில இத்தின வீடு, பாலையூற்றில இத்தின வீடு, ஒவ்வொரு வீட்டிலயும் இத்தின ஓட்டு என்டு கொப்பிய விரிச்சு காட்டுறது இன்னொரு பக்கம், ரெண்டாவது ஆளுக்குத்தான் இடம் கிடைக்கும்.

பேப்பர் வேலை பற்றி கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், ஏனெண்டா ஓட்டே இல்லாம தோக்கிறது இங்கதான். 2025 உள்ளூராட்சித் தேர்தல்ல நாடு முழுக்க எத்தினையோ வேட்புமனு நிராகரிச்சாங்க, அதில பெரிய பங்கு பிறப்பத்தாட்சிப் பத்திரத்து கொப்பிய முறையா உறுதிப்படுத்தேல்ல என்ட பிரச்சினை. பிறகு கோட்டுக்கு போய் சிலத மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏத்துக்க சொன்னது உண்மைதான், ஆனா மற்றாக்கள் வீடு வீடா போற நேரம் நீங்க லோயர்ட ஒபீஸ் வாசல்ல நிக்கவேண்டி வரும். அதால இப்பவே ஒரு பைல் போடுங்க. பிறப்பத்தாட்சிப் பத்திரத்து புது மூலப்பிரதி ரெண்டு மூண்டு, ஐசி (அடையாள அட்டை), வாக்காளர் இடாப்பில உங்கட பேர் இருக்கிற பக்கத்துக் கொப்பி. மூண்டிலயும் பேர் ஒரே மாதிரி இருக்கா என்டு எழுத்து எழுத்தா பாருங்க. சம்பூர், வெருகல் பக்கம் இடம்பெயர்ந்து முகாம்ல இருந்து வந்த ஆக்கள்ட பத்திரங்கள் பிறகு எடுத்ததா இருக்கும், தகப்பன்ட பேர் ஒண்டில ஒரு மாதிரி இன்னொண்டில வேற மாதிரி கிடக்கும், அத திருத்த மாசக்கணக்கா போகலாம். சத்தியக்கடதாசி போதுமா என்டு இப்பவே லோயரிட்ட கேட்டு முடிச்சு வையுங்க.

வேட்புமனுவில நீங்க சம்மதம் எண்டு கையெழுத்து வைக்கணும், அரசியலமைப்பு ஏழாம் அட்டவணைச் சத்தியமும் ஜேபி (சமாதான நீதவான்) ஒருத்தர் முன்னுக்கு செய்து கையெழுத்து வைக்கணும். சொத்து விபரமும் குடுக்கணும், அது 2023ம் ஆண்டு 9ம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில வேட்பாளருக்கும் கட்டாயம். மனிசி பேர்ல இருக்கிற காணி, வங்கிக் கடன், அடகு வச்ச நகை எல்லாத்தையும் முன்கூட்டியே ஒரு பேப்பர்ல எழுதி வையுங்க, கடைசி இரவில ஞாபகம் வராது. அரசாங்க வேலையில இருந்தா உங்கட தரத்துக்கு அரசியல் உரிமை இருக்கா, லீவா இல்ல ராஜினாமாவா என்டு திணைக்களத்திட்ட எழுத்திலயே கேளுங்க, வாயால சொன்ன பதில நம்பி கையெழுத்து வைக்க வேணாம். அரசாங்கக் கொன்ராக்ட் உங்கட பேர்ல ஓடினாலோ வெளிநாட்டுப் பிரஜாவுரிமை இருந்தாலோ லோயர காணாம ஒரு அடி வைக்காதீங்க.

கடைசி நாள் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) எப்பிடி இருக்கும் என்டு சொல்றன். பகல் 12 மணிக்கு நொமினேசன் முடிஞ்சிடும், அதுக்குப் பிறகு 1.30 வரைக்கும் ஆட்சேபனை சொல்ற நேரம். வாசல்ல பொலிஸ், உள்ளுக்கு ஒவ்வொரு லிஸ்டுக்கும் அதிகாரம் பெற்ற முகவரும் கொஞ்சப் பேரும்தான் போகலாம். ஒருக்கா ஒரு குழு பதினொண்டரைக்கு வந்தாங்க, எல்லாம் சரி, ஒரு ஆள்ட கையெழுத்து மட்டும் இல்ல. அவர் புல்மோட்டை. போன் எடுத்தா நிலாவெளியில வாறன் என்டு சொல்றார். அவர் மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வந்து சேர 12 தாண்டிப் போச்சு. ஒரு ஆள் குறைஞ்சா லிஸ்ட் முழுக்க நிராகரிப்பு, 12 பேர்ட உழைப்பும் அந்த வாசல்லயே முடிஞ்சது, ஒரு அக்கா பைல மடியில வச்சுக்கொண்டு கச்சேரி மதிலடியில அப்பிடியே இருந்திட்டா. அதால கையெழுத்து எல்லாம் முதல் நாளே ஒரு வீட்டில எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி முடிக்கணும், மனுவ கடைசி நாளுக்கு முதல் நாள் குடுக்கணும். இது உங்கட கையில இல்ல முகவர்ட கையில என்டா, முகவர போன்ல தொல்லைப்படுத்துங்க, அவர் கோவிச்சாலும் பரவாயில்ல.

இலக்கம் கிடைக்கிறதுக்கு முதல் ஒண்டையும் பிரிண்ட் பண்ணாதீங்க. மனு ஏத்த பிறகுதான் விருப்பு இலக்கம் வரும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். ஒரு வாக்காளர் கட்சிச் சின்னத்துக்கு புள்ளடி போட்டிட்டு அதே கட்சியில மூண்டு பேருக்கு வரைக்கும் விருப்பு வாக்கு போடலாம், சனம் மனாப்பை என்டு சொல்றது இததான். புது ஆக்கள் எல்லாரும் “எனக்கு போடுங்க” என்டு மட்டும் கேக்கிறாங்க. வீட்டுக்காரர் தலைய ஆட்டுவார், ஆனா அவருக்கு ஏற்கனவே மனசில ஒரு பெரியாள் இருப்பார், சொந்தக்கார ஆள் ஒருத்தர் இருப்பார். நீங்க கேக்கவேண்டியது மூண்டாவத. “அண்ணை, நீங்க அவருக்கு போடுறது எனக்கு தெரியும், அதில நான் ஒண்டும் சொல்ல வரேல்ல, உங்கட மூண்டில மிச்சமா கிடக்கிற ஒண்ட எனக்கு தாங்க” என்டு கேட்டுப் பாருங்க, மனிசர் அங்கயே முகம் மலர்ந்து கதைப்பார், ஏனெண்டா நீங்க அவர ஒருத்தர விட்டிட்டு வா என்டு கேக்கேல்ல. கனபேர் ஒண்டு ரெண்டோட நிப்பாட்டி மிச்சத்த வெறுமையா விட்டிட்டு வாறாங்க. எண்ணுற மேசையில அந்த வெறும் பெட்டிகள பாக்க எனக்கு ஒவ்வொருக்காலும் வயிறு எரியும். புது ஆளுக்கு ஆசனம் அந்த வெறும் பெட்டிக்குள்ளதான் இருக்கு.

அதோட சேத்து ஓட்டுப் போடுற முறையும் சொல்லிக் குடுக்கணும். கட்டைபறிச்சான்ல ஒரு அம்மம்மா சொன்னா, “நம்மட பிள்ளையள்தானே எல்லாரும், ஒருத்தரையும் கோவிக்கேலா தம்பி, நான் நாலு பேருக்கும் போட்டிட்டன்.” நாலு இலக்கத்துக்கு போட்டா கட்சிக்கு ஓட்டு சேரும், விருப்பு வாக்கு ஒண்டுமே சேராது. சின்னத்துக்கு போடாம இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும் சிக்கல். ரெண்டு கட்சிக்கு போட்டா ஓட்டே செல்லாது. அதால ஒவ்வொரு வீட்டிலயும் வெறும் பேப்பர்ல கீறி காட்டுங்க, முதல் சின்னம், பிறகு மூண்டே மூண்டு இலக்கம். வாக்குச்சீட்டு மாதிரியே அச்சடிச்சு குடுக்கிறதுக்கு கட்டுப்பாடு இருக்கு, கையால கீறுறது போதும்.

லிஸ்ட்ல உள்ள மற்ற ஆக்களோட சண்டை வேணாம். உங்களுக்கு டவுன்ல சனம், இன்னொருத்தருக்கு ஈச்சிலம்பற்றில சனம், மூண்டாவது ஆளுக்கு தம்பலகாமத்தில சனம் என்டா, மூண்டு பேரும் ஒருத்தர்ட இலக்கத்த மற்றவர் சேத்து சொல்லலாம். இது பேசி எழுதாத ஒப்பந்தம், ஆனா முகத்த பாத்து, வீட்டுக்காரர முன்னுக்கு வச்சு பேசினா நிக்கும்.

நம்மட மாவட்டத்தில மூண்டு சனமும் கலந்துதான் இருக்கு, எந்த லிஸ்ட்ல கேட்டாலும் மற்ற சனத்திட்ட போகாம இருக்காதீங்க. ஓட்டு வருமா வராதா என்டு பாக்காம போங்க, சபைக்கு போனா அவங்கட பள்ளிக்கூடத்துக்கும் நீங்கதான் மெம்பர். கிண்ணியாவில போய் நாநா, ராத்தா என்டு வாய் நிறைய கூப்பிடுங்க, தொழுகை நேரத்தில வாசல்ல நிக்காதீங்க. கந்தளாய், சேருவில பக்கம் போனா நாலு வசனமாவது சிங்களத்தில நீங்களே சொல்லுங்க, பக்கத்தில ஆள வச்சு மொழிபெயர்க்கிறத விட அந்த தட்டுத்தடுமாறுற நாலு வசனம் கன தூரம் போகும். கோயில், பள்ளிவாசல், விகாரைக்குள்ள பிரசாரம் செய்யிறது சட்டப்படி பிழை, திருவிழாவுக்கு போனா கும்பிட்டிட்டு வாங்க, நோட்டீஸ் பைய வேன்லயே விடுங்க.

நேரத்தயும் சனத்துக்கு ஏத்த மாதிரி பிரிக்கணும். சல்லி, சாம்பல்தீவு, திருக்கடலூர் பக்கம் கடல் தொழில் ஆக்கள வீட்டில தேடாதீங்க, விடிய கரையில வலை இழுத்து மீன் பிரிக்கிற நேரம் போங்க, ஆனா வேலைக்கு குறுக்க நிக்காம ஓரமா நிண்டு கயித்த பிடிங்க, அவங்களே கதை குடுப்பாங்க. வயல் ஊர்கள்ல வெட்டு நேரம் இரவில போங்க. பெண் வேட்பாளர் என்டா பின்னேரம் மூண்டு நாலு மணி, அந்த நேரம்தான் வீட்டில அக்காமார் கொஞ்சம் மூச்சு விடுற நேரம், ஒரு திண்ணையில பத்துப் பேர் சேந்திடுவாங்க. பெண்களுக்கு பேஸ்புக்ல வாற அசிங்கத்தயும் சொல்லணும், அத வாசிச்சு பதில் எழுத வெளிக்கிட வேணாம், ஸ்கிறீன்சொட் எடுத்து திகதியோட வைக்க ஒரு ஆள நம்பிக்கையா விடுங்க, தேர்தல் முறைப்பாட்டுப் பிரிவுக்கு குடுக்கலாம்.

சட்டத்தில மாட்டுற சின்னச் சின்ன விசயங்கள் இருக்கு. நோட்டீஸ்ல அச்சகத்து பேர் விலாசமும் வெளியிடுற ஆள்ட பேர் விலாசமும் கட்டாயம் இருக்கணும். ஸ்பீக்கருக்கு பொலிஸ் பெர்மிட். சாப்பாடு, சாறி, உலர் உணவு குடுத்தா அது லஞ்சம், நல்ல மனசோட குடுத்தாலும் லஞ்சம்தான். தேர்தலுக்கு முதல் 48 மணித்தியாலம் பிரசாரம் இல்ல. தேர்தல் நாள் வாக்காளர வேன்ல ஏத்தி இறக்கேலா. இதுக்கெல்லாம் உதவித் தேர்தல் ஆணையாளர்ட ஒபீஸ்ல போய் கேட்டா பொறுமையா விளங்கப்படுத்துவாங்க.

தபால் ஓட்ட மறந்திடாதீங்க. நம்மட டவுன்ல அரச ஊழியர் கன பேர், மாகாண ஒபீசுகள் எல்லாம் இங்கதான். அவங்க மற்றாக்களுக்கு முதலே போட்டு முடிச்சிடுவாங்க, நீங்க கடைசிக் கிழமை பிரசாரம் சூடு பிடிக்கிற நேரம் அவங்கட ஓட்டு ஏற்கனவே பெட்டிக்குள்ள.

ஏஜென்ட்மார் போடுறதில சொந்தக்காரர மட்டும் பாக்காதீங்க. இடாப்ப வாசிக்கத் தெரிஞ்ச, ஊர்ல யார் செத்தது யார் கட்டார்ல இருக்கிறது என்டு தெரிஞ்ச, கோவப்படாத ஆள் வேணும். காலமை பெட்டி வெறுமையா இருக்கிறத பாக்கணும், பூட்டி சீல் வைக்கிறத பாக்கணும், பின்னேரம் மூடி ஏத்தும்வரைக்கும் இருக்கணும், அதுக்கு சாப்பாட்டு பார்சலும் தண்ணிப் போத்தலும் நீங்கதான் அனுப்பணும். எண்ணுற இடத்தில முதல்ல கட்சி ஓட்டு எண்ணி முடிஞ்ச பிறகுதான் விருப்பு வாக்கு எண்ணுறது, அது விடியக்காலமை வரைக்கும் போகும். கனபேர் கட்சி ரிசல்ட் வந்த உடன வெடி கொளுத்த போயிடுவாங்க. உங்கட ஆள் அங்கயே இருக்கணும், நித்திரை முழிச்சு பழகின ஆளா பாத்து போடுங்க.

செலவு முழுக்க முதல் நாள்ல இருந்து ஒரு புத்தகத்தில எழுதுங்க, டீக்காசு கூட. 2023ம் ஆண்டு 3ம் இலக்க தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி ஒரு வாக்காளருக்கு இவ்வளவு என்டு ஆணைக்குழு உச்சத் தொகை அறிவிக்கும், அதுக்கு மேல போகேலா. வெளிநாட்டு ஆக்கள்ட காசும் யார் தந்தது என்டு தெரியாத காசும் வாங்கேலா. இது நம்மட ஆக்களுக்கு கஷ்டமான இடம், ஏனெண்டா கனடாவில, லண்டன்ல இருக்கிற மச்சான்மார் அன்பில அனுப்பப் பாப்பாங்க, அவர் இப்ப எந்த நாட்டுப் பிரஜை என்டு கேட்டு லோயரிட்ட சொல்லிப்போட்டுத்தான் கை நீட்டணும். பில் இல்லாத சாமான் வாங்காதீங்க. மேசை கதிரை சும்மா தந்தாலும் யார் தந்தது, வாடகைக்கு எடுத்திருந்தா எவ்வளவு வரும் என்டு எழுதுங்க. வெண்டாலும் தோத்தாலும் ரிசல்ட் வந்து 21 நாளைக்குள்ள அந்தக் கணக்க குடுக்கணும், தோத்த ஆக்கள்தான் கூடுதலா இத விட்டிட்டு பிறகு வழக்குக்கு போறது. பில்லெல்லாம் ஒட்டி, ரெண்டு கொப்பி எடுத்து, கச்சேரிக்கு நீங்களே கொண்டு போங்க, உங்கட கொப்பியில திகதியோட சீல் குத்தி வாங்காம அங்கயிருந்து வெளிக்கிடாதீங்க.